உண்மையான ரசிகர் என்று யாரைச் சொல்லலாம்?

ஜெர்சி வாங்குபவரா, புள்ளிவிவரங்களை ஒப்பிப்பவரா, யார் ஓர் அணியின் உண்மையான ரசிகர் என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில் இரண்டுமே அளவுகோல் அல்ல. அணியால் எந்த மகிழ்ச்சியும் கிடைக்காத காலத்திலும் அதை 'நம்ம டீம்' என்று ஒருவரால் சொல்ல முடிகிறதா என்பதே முதல் சோதனை.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஐபிஎல்லில் ஆடத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 2018-இல் திரும்பி வந்தும், காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் நடந்து, எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, மஞ்சள் சட்டை அணிந்த ரசிகர்கள் ஒரு சிறப்பு ரயில் முழுவதும் நிரம்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விசிலடித்தார்கள். கோப்பை கிடைக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஆனால் விசுவாசம் மட்டும் போதாது என்பேன். எதிரணியை ஏசுவதே ஆதரவு என்று நினைப்பவர்களும் விசுவாசிகள்தாம். 1999 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, முதுகுவலியுடன் 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் ஆட்டமிழந்ததும் மளமளவென்று சரிந்து, 12 ஓட்டங்களில் தோற்றது. சிறிது நேரம் அரங்கமே உறைந்திருந்தது. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.