முள் காட்டுவது உண்மையா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீட்டர்கள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் மீட்டரை மட்டும் அமெரிக்கத் தயாரிப்பாக மாற்றினேன். டேங்க் காலியாகக் காலியாக முள் மேலே ஏறுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரில் பழுதில்லை, டேங்குக்குள் இருந்து பெட்ரோல் மட்டத்தை மின்தடையாக (ஓம்) மாற்றி மீட்டருக்குச் சொல்லும் செண்டிங் யூனிட்டும் புதிய மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. நீங்கள் அளந்து எழுதியிருக்கும்படி உங்கள் யூனிட் காலியில் 240 ஓமும் நிறைவில் 33 ஓமும் காட்டுகிறது. நீங்கள் வாங்கிய மீட்டரோ காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம் என்று எதிர்பார்க்கும் வகை. ஆகவே டேங்க் தளும்பும்போது முள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நின்றுவிடுகிறது. டேங்க் வறண்டதும் நிறைவுக் கோட்டையும் கடந்து ஒட்டிக்கொள்கிறது. திசையே தலைகீழாக இருப்பதால், எந்த ரெசிஸ்டரைச் சேர்த்தாலும் இது சரியாகாது. 0–90 ஓம் யூனிட்டை டேங்கில் பொருத்துங்கள். அல்லது இரண்டுக்கும் நடுவே மின்தடையை மாற்றித் தரும் எலக்ட்ரானிக் தொகுதி ஒன்றை வையுங்கள். என்னைக் கேட்டால், பழைய மீட்டரையே பழுது பார்த்துத் திரும்பப் பொருத்துவதுதான் நல்லது.

கேள்வி: என்னிடம் இருப்பது 10–180 ஓம் யூனிட்; மீட்டர் 0–90. திசை ஒன்றுதான். இணையாக ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும் என்கிறார்களே?

பதில்: காகிதத்தில் அழகாகத்தான் வருகிறது. 180 ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போட்டால் நிறைவில் சரியாக 90 ஓம் கிடைக்கும், காலியில் 9.5 ஓம் இருப்பதால் முள் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும். தொல்லை நடுவில்தான். டேங்க் பாதியாகும்போது யூனிட் 95 ஓம் தருவதாகக் கொள்வோம். இணைப்பில் அது 62 ஓமாகிறது. மீட்டருக்கு அரை டேங்க் என்பது 45 ஓம். எனவே பாதி பெட்ரோல் இருக்கும்போது முள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காட்டி, பிறகு மளமளவென்று சரியும். பாதி வழியில் வண்டி நின்றபின் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதைவிட, இப்போதே பொருத்தமான யூனிட்டை வாங்கிவிடுவது மேல். அதன் மிதவைக் கம்பியின் நீளம் உங்கள் டேங்கின் ஆழத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். பொருத்தியபின் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்க வேண்டாம்.

கேள்வி: வயரிங் புதுப்பித்த பிறகு பெட்ரோல், வெப்பம் இரண்டு மீட்டரும் சேர்ந்தாற்போல் அதிகமாகக் காட்டுகின்றன.

பதில்: இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தவறினால் யூனிட்டுகளைச் சந்தேகிக்காதீர்கள். உங்கள் காரில் இருப்பவை மெதுவாக நகரும் வெப்ப வகை ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்களாக இருந்தால், அவற்றுக்குச் சராசரியாக 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் டேஷ்போர்டின் பின்னால் இருக்கும். அதன் உறைக்கு எர்த் கிடைக்காவிட்டால் பேட்டரியின் முழு அழுத்தமும் மீட்டர்களுக்குப் போய்விடும். வயரிங் மாற்றியபோது அதன் திருகில் பெயின்ட் படிந்திருக்கலாம், சுரண்டிவிட்டு இறுக்குங்கள். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் வாங்குவதானால் வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெப்ப வகை மீட்டருக்குத் துருவம் பொருட்டில்லை, அந்தப் புதிய ஸ்டெபிலைசருக்கோ அதுவே உயிர்.

கேள்வி: ஆயில் பிரஷர் மீட்டரைக் குழாய் வகையிலிருந்து மின் வகைக்கு மாற்றினேன். சூடான இன்ஜினில் 2 பார்தான் காட்டுகிறது. முன்பு 4 காட்டியது. பேரிங் போய்விட்டதா?

பதில்: இன்ஜினைப் பிரிக்குமுன், அதில் திருகியிருக்கும் அழுத்த செண்டிங் யூனிட்டின் உடலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். விடிஓ (VDO) நிறுவன வகையில் 5 பார் யூனிட்டும் 10 பார் யூனிட்டும் ஏறக்குறைய அதே 10–180 ஓம் வரம்பிலேயே இயங்குகின்றன. 5 பார் மீட்டருக்கு 10 பார் யூனிட்டைப் போட்டிருந்தால் 4 பார் அழுத்தம் 2 என்றே தெரியும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது: இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டி உங்களை நிம்மதியாக ஓட்ட வைக்கும். பழைய குழாய் மீட்டரைத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

மரையையும் கவனியுங்கள். அமெரிக்கக் குழாய் மரையான 1/8 என்.பி.டி. அங்குலத்துக்கு 27, பிரிட்டிஷ் குழாய் மரையான 1/8 பி.எஸ்.பி. 28. இரண்டு சுற்று கையாலேயே ஏறிவிடும், அதற்குமேல் ஸ்பேனர் போட்டால் இன்ஜின் பிளாக்கின் மரைதான் அழியும். ஒற்றை வயர் யூனிட்டுக்கு எர்த் கிடைப்பது அந்த மரை வழியாகத்தான். டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டு, முள் அசையாத காரணத்தை அரை நாள் தேடியவன் நான். விடிஓ யூனிட்டில் இரண்டு முனைகள் இருந்தால் ஜி (G) என்பது மீட்டருக்கு, டபிள்யூகே (WK) என்பது எச்சரிக்கை விளக்குக்கு.

கேள்வி: எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதிலிருந்து ஆர்பிஎம் மீட்டர் துள்ளுகிறது.

பதில்: ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பில் ஆர்விஐ (RVI) என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். அவ்வகை, இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தையே தன் வழியாக ஓடவிட்டு எண்ணுகிறது. புதிய இக்னிஷனின் மின்துடிப்பு அதற்குப் பிடிபடுவதில்லை. முகப்பையும் முள்ளையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மட்டும் மின்னழுத்தத்தை எண்ணும் வகைக்கு மாற்றலாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தருவதால் 3000 ஆர்பிஎம் என்பது நொடிக்கு 100 துடிப்பு. சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் மேசையிலேயே சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: பின் அச்சின் கியர் விகிதத்தை மாற்றினேன். ஸ்பீடோமீட்டரை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முகப்பின் கீழே சிறிய எழுத்தில் 1280 போன்ற எண் ஒன்று இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் சுற்ற வேண்டிய எண்ணிக்கை அது. கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் நுனியில் ஒரு காகிதக் கொடியை ஒட்டி, வண்டியை நியூட்ரலில் நேராக 16.09 மீட்டர் தள்ளச் சொல்லிச் சுற்றுகளை எண்ணுங்கள். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. 12.2 சுற்று வந்தால் மைலுக்கு 1220. அப்போது உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 57 காட்டும். அந்த 1220-ஐக் குறிப்பிட்டு, மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் அளவை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: டேஷ்போர்டு பல்புகள் எல்லாவற்றையும் எல்இடி ஆக்கலாமா?

பதில்: ஆக்கலாம், சார்ஜிங் எச்சரிக்கை விளக்கைத் தவிர. அந்தச் சிறிய பல்பு வழியாகப் பாயும் மின்னோட்டம்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி விடும் சொற்ப மின்னோட்டம் அதற்குப் போதாமல் போகலாம். அங்கு மட்டும் பழைய 2.2 வாட் பல்பே இருக்கட்டும்.