வாசகர் கேள்வி: பாக்கெட்டில் பேனாக்கத்தி வைத்திருந்தால் தப்பா?

போன இதழில் வீட்டுக் கருவிகளைப் பற்றி எழுதியபோது பேனாக்கத்திக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் எல்லாருக்கும் அந்த இரண்டு வரி மேலேதான் கண். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

*ஐயா, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாமா கொடுத்த சுவிஸ் மடக்குக் கத்தி எப்போதும் என் பாக்கெட்டில் இருக்கும். போன மாதம் கேண்டீனில் மாம்பழம் நறுக்க அதை எடுத்தேன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் எச்.ஆர். கூப்பிட்டு "இனி கொண்டு வராதே" என்று சொல்லிவிட்டார்கள். கேண்டீன் சமையலறையில் இதைவிடப் பெரிய கத்தி பத்து கிடக்கிறது. ஒரு மாம்பழத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?*
— வாசகர், ஜெலுத்தோங்

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவோம் தம்பி, மாம்பழத்தை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் நல்லவர் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கண்ணில் பட்டது என்ன? சாப்பாட்டுப் பேச்சுக்கு நடுவே ஒருவர் கை பாக்கெட்டுக்குள் போகிறது, வெளியே வரும்போது அதில் கத்தி இருக்கிறது. எதற்கு என்று புரிய ஒரு விநாடி ஆகும். அதற்குள் உடம்பு தானாகப் பின்வாங்கிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்க்கையில் என்ன பார்த்திருக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெரிய கத்தியைப் பற்றிக் கேட்டீர்கள், அது நியாயமான கேள்வி. லிட்டில் இந்தியாவில் இளநீர் வெட்டுகிறவர் கையில் இருக்கும் பாராங் உங்கள் கத்தியைப்போல் எத்தனை மடங்கு! பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்று "வழுக்கையா பார்த்துக் குடுங்கண்ணே" என்கிறோம். பாலேக் பூலாவில் டுரியான் கடைக்காரர் பழத்தைக் கவிழ்த்து, அடியில் கோடுகள் வந்து சேரும் இடத்தில் கத்தி முனையைச் செருகி ஒரு திருப்புத் திருப்புவார், பழம் வாயைப் பிளக்கும், நாம் பயப்படாமல் தலையை நீட்டி உள்ளே சுளை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அங்கே கத்தி இருக்கும் என்பது போகும்போதே நமக்குத் தெரியும், அதற்கான வேலையும் கண்முன்னே கிடக்கிறது. கேண்டீன் சமையலறைக் கத்தியும் அப்படித்தான். உங்கள் கத்தி சின்னதாக இருந்தும் பயமுறுத்தியதற்குக் காரணம், அது அங்கே இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை என்பதுதான்.

உங்கள் மாமா கொடுத்த கத்தியின் வரலாறு நல்ல வரலாறு. 1891இல் காரல் எல்செனர் சுவிஸ் ராணுவத்துக்கு அதைச் செய்து கொடுக்க ஆரம்பித்தபோது, சிப்பாய்கள் டின் உணவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் ஒரு கருவி வேண்டும் என்பதுதான் தேவை. அதனால்தான் அதில் டின் திறப்பானும் திருப்புளியும் முதலிலிருந்தே இருக்கின்றன. ஆனால் இந்த வரலாறு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கத்தியைச் செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனமே 2024இல், கத்தி அலகே இல்லாத மடக்குக் கருவிகளை உருவாக்கி வருவதாகச் சொன்னது. பல நாடுகளில் சட்டம் இறுகிக்கொண்டே வருவதுதான் காரணம்.

சரி, இனி என்ன செய்யலாம்? எச்.ஆர். சொன்னதைக் கேளுங்கள், அது அவர்கள் இடம். பழம் நறுக்கச் சின்னக் கத்தி ஒன்றைப் பேன்ட்ரியில் வாங்கி வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வெளியே நண்பர்களோடு, உறவினர்களோடு இருக்கும்போது கத்தியை எடுக்க வேண்டி வந்தால், முதலில் வாயைத் திறங்கள், அப்புறம் கத்தியைத் திறங்கள். "கத்தி இருக்கு, இந்தா வெட்டித் தரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சொன்ன அந்த ஒரு விநாடி இல்லாமல் போய்விடும். திறக்கும்போது அலகில் இருக்கும் குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து, இரண்டு கையாலும் மெதுவாகத் திறங்கள். ஒற்றைக் கையால் 'டக்'கென்று திறந்து காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அந்தச் சத்தத்துக்கே பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும், திறந்தவர் முகத்தில் ஒரு பெருமையும் தெரியும், அந்தப் பெருமையைத்தான் மற்றவர்கள் மிரட்டல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முனை உங்கள் தட்டைப் பார்த்து இருக்கட்டும். பேசும்போது அதை வைத்துக்கொண்டு கையை ஆட்டாதீர்கள். நறுக்கி முடித்ததும் துடைத்து, மடக்கி, உள்ளே போட்டுவிடுங்கள். திறந்த கத்தி மேசையில் கிடக்கும் வரைக்கும் யாருக்கும் சாப்பாட்டில் கவனம் இருக்காது.

*மலேசியாவில் பேனாக்கத்தி வைத்திருப்பது குற்றமா? ஒருவர் இரண்டு அங்குலம் வரை பரவாயில்லை என்கிறார், இன்னொருவர் மூன்று என்கிறார்.*
— வாசகர், செந்தூல்

இந்த அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். நம் நாட்டில் இதற்குரிய சட்டம் 1958ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் சட்டம். அதன் 6(1) பிரிவு, பொது இடத்தில் அனுமதியோ சட்டப்படியான காரணமோ இல்லாமல் அபாயகர ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. நிரூபிக்கப்பட்டால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. எது ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் மிகவும் அகலமானது: தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். பழம் வெட்டும் கத்தியும் அடங்கும். ஆகவே போலீஸ்காரர் கேட்கும் கேள்வி "எத்தனை அங்குலம்?" என்பதாக இருக்காது, "எதற்கு?" என்பதாகத்தான் இருக்கும்.

வயரிங் வேலைக்குப் போகிறவர் கருவிப் பையில் கத்தி இருந்தால் அந்தக் கேள்விக்குப் பையே பதில் சொல்லும். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஜாலான் ஈப்போ பக்கம் சாப்பிடப் போகும்போது இடுப்பில் அதே கத்தி இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? "தற்காப்புக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆளைத் தாக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றையும் மனம் வலித்துத்தான் சொல்கிறேன். நம் பையன்கள் கையில் கத்தியைப் பார்த்தால் இந்த ஊரில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பேப்பரில் வந்த பாராங் சண்டைகள்தான். செம்பனைத் தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தியால் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அப்படியிருந்தும் இந்தப் பார்வை இருக்கிறது, அநியாயம்தான், எனக்குக் கோபமும் வருகிறது. ஆனால் அந்த அநியாயத்துக்கு எதிராக வாதாட வேண்டிய இடம் நடுராத்திரி ரோட்பிளாக் இல்லை. வேலை இல்லாத நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேலைக்குப் போகும் வழியில் நிறுத்தினால், பையில் கத்தி இருப்பதை அவர்கள் தேடி எடுப்பதற்கு முன்னால் நீங்களே வாயால் சொல்லுங்கள். கை மட்டும் அந்தப் பக்கம் போகவே கூடாது, எடுப்பதை அவர்கள் எடுக்கட்டும். பட்டனை அழுத்தினால் பாய்ந்து வரும் வகைக் கத்தியை ஆன்லைனில் யார் எவ்வளவு மலிவாக விற்றாலும் வாங்க வேண்டாம். வழக்கு என்று வந்துவிட்டால் உடனே வக்கீலைப் பாருங்கள். நான் சொல்வது பொதுவான அறிவுரை மட்டும்தான்.

*என் மகன் சாரணர் இயக்கத்தில் இருக்கிறான். முகாமுக்கு வாங்கிய கத்தியைப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போக அடம்பிடிக்கிறான்.*
— ஒரு தாய், பிறை

வேண்டாம் அம்மா, இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. 2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் பள்ளிக்குள்ளேயே ஒரு மாணவி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். அதற்குப் பிறகு பள்ளிப் பையில் கத்தி என்று கேட்டாலே எந்த ஆசிரியருக்கும் நெஞ்சு பதறும், பதறத்தான் வேண்டும். முகாம் அன்றைக்குக் கத்தியை நீங்களே கொண்டுபோய்ப் பொறுப்பாசிரியர் கையில் கொடுங்கள். வீட்டில் அவனுக்கு அதைக் கையாளச் சொல்லிக்கொடுங்கள்: உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், உடம்புக்கு வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும், கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்தில் தங்கச்சியோ பூனையோ இருக்கக் கூடாது. மழுங்கிய கத்தியைத் தரவேண்டாம். மழுங்கியதை அழுத்தி வெட்டும்போதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

*கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று என் மாமியார் கீழே வைக்கச் சொல்கிறார். என் கணவர் சிரிக்கிறார். யார் சொல்வது சரி?*
— வாசகி, பட்டர்வொர்த்

மாமியார் பக்கம்தான் நான். சண்டை வருமோ வராதோ, நீட்டிய கத்தியை இருவரும் ஒரே சமயத்தில் பிடித்து, ஒருவர் விட்டுவிட்டார் என்று மற்றவர் நினைக்கும்போதுதான் விரல் போகிறது. கீழே வைத்தால் அந்தப் பேச்சே இல்லை. மடக்குக் கத்தி என்றால் மடக்கி வையுங்கள். அவசரத்தில் கையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கைப்பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்கட்டும், வெட்டும் பக்கம் யார் உள்ளங்கையையும் பார்க்காமல் இருக்கட்டும், அவர் "சரி" என்று சொன்ன பிறகு விடுங்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கு நல்ல கத்தி செட் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று எண்ணாதீர்கள், அது உறவை வெட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

*மகள் படிக்க இங்கிலாந்து போகிறாள். தாத்தாவின் பேனாக்கத்தியை எடுத்துப்போக ஆசைப்படுகிறாள். விடலாமா?*
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

விமானத்துக்குள் கைப்பையில் வேண்டவே வேண்டாம், ஸ்கேனரில் மாட்டினால் தாத்தாவின் கத்தி திரும்பி வராது. லக்கேஜில் போடுங்கள், அலகை மடக்கித் துணியில் சுற்றி. இங்கிலாந்தில்தான் அங்குலக் கணக்கு நிஜமாகவே உண்டு: மடங்கும் கத்தி, அலகு 3 அங்குலத்துக்கு மேல் போகாமல், திறந்ததும் பூட்டிக்கொள்ளாத வகையாக இருந்தால், காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டிக்கொள்ளும் வகை என்றால் எவ்வளவு சின்னதானாலும் தக்க காரணம் வேண்டும். சுவிஸ் கத்திகளிலேயே 111 மில்லிமீட்டர் அளவில் வருபவை பூட்டிக்கொள்பவை, அதனால் பிராண்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கத்தியைத் திறந்து, அலகின் முதுகை லேசாக அழுத்தி மடக்கிப் பாருங்கள். எதையும் தள்ளாமல், நெம்பாமல் மடங்கினால் பூட்டு இல்லை. பூட்டு இருந்தால் அது விடுதி அறையிலேயே இருக்கட்டும், அதற்கும் முன்னால் விடுதி விதிகளை ஒரு தடவை படித்துவிடச் சொல்லுங்கள்.