ஈசிஜி நார்மல், நெஞ்சு மட்டும் ஏன் படபடக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் அம்பாசமுத்திரம். திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு காலை பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, சேரன்மகாதேவி நெருங்கும் நேரத்தில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டியது, வேர்த்து ஊற்றியது, கைவிரல் மரத்து இழுத்துக்கொண்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி நார்மல் என்றார்கள். அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை வந்துவிட்டது, ஒரு தடவை தூக்கத்திலேயே. இதுவரை நாலு ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். ஒருவர் கேஸ் என்கிறார். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறேன் என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனவர். இப்போது பஸ் ஏறவே பயம், நண்பரின் பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். பையில் தண்ணீர் பாட்டிலும் நண்பர் கொடுத்த ஒரு மாத்திரையும் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. இது இதய நோயா, இல்லை புத்தி பேதலிக்கிறதா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போடணுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்பதுதான் பதில். இதற்குப் பெயர் பேனிக் அட்டாக். தமிழில் பீதித் தாக்கு என்று எழுதுகிறோம். பேச்சில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் என் அறைக்கு வருகிறவர்கள் ‘படபடப்பு’ என்பார்கள், ‘ஒரு மாதிரி வருது’ என்பார்கள், ‘உசுரு போயிட்டு வருது சார்’ என்பார்கள். மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற பதிமூன்று அறிகுறிகளையும்விட அந்தக் கடைசி வர்ணனை எனக்குப் பிடிக்கும்.

இவர்கள் யாரும் நேராக என்னிடம் வருவதில்லை. முதலில் கேஸ் மாத்திரை, அப்புறம் இதய டாக்டர், நடுவில் ஒரு கோயில், கடைசியில் தலையணை மாதிரி ஒரு ஃபைலோடு மனநல மருத்துவர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1871-லேயே டகோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போருக்குப் போன சிப்பாய்கள் நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல் என்று வருவதையும், இதயத்தில் கோளாறு எதுவும் அகப்படாததையும் எழுதி வைத்திருக்கிறார். அவர்களும் இதயத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

வயல் வரப்பில் நடக்கும்போது காலடியில் சரசரவென்று பாம்பு போனால் உடம்பு என்ன செய்யும்? நீங்கள் யோசிப்பதற்கு முன்னாலேயே அட்ரினலின் சுரந்து, நெஞ்சு வேகமாக அடித்து, மூச்சு வாங்கி, காலுக்கு ரத்தம் பாய்ந்துவிடும். ஓடுவதற்கான ஏற்பாடு அது. பேனிக் அட்டாக்கில் அந்த ஏற்பாடு முழுக்க நடக்கிறது, பாம்பு மட்டும் இல்லை. வெளியே பாம்பைக் காணோம் என்றதும் மனசு உள்ளே தேடுகிறது. ‘நெஞ்சு இப்படி அடிக்கிறதே, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ’ என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கு இன்னும் கொஞ்சம் அட்ரினலின், அதற்கு இன்னும் கொஞ்சம் படபடப்பு. இப்படியே ஏறிக்கொண்டு போகும்.

விரல் மரத்து இழுத்ததை எழுதியிருக்கிறீர்கள். பலரையும் மிரட்டுவது அதுதான், பக்கவாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குமேல் குறைந்துபோகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்கு வேண்டிய கால்சியம் தற்காலிகமாகக் குறைகிறது. உடனே விரலும் உதடும் மரக்கும், தலை கிறுகிறுக்கும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இல்லாதவர்களாகப் பார்த்து என் அறையிலேயே இதைச் செய்து காட்டுவேன். ஒரு நிமிஷம் வேகமாக மூச்சு விடச் சொல்வேன், நானும் எதிரே உட்கார்ந்து கூடவே விடுவேன். போன மாதம் ஒருவர் நாற்பதாவது விநாடியில் நிறுத்திவிட்டு இரண்டு கையையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “இதேதான் சார். இதைத்தான் நான் சாவுன்னு நெனச்சேன்.” எனக்கும் விரல் மரத்துத்தான் இருந்தது, காட்டினேன். அந்த ஒரு நிமிஷம் நான் அரை மணி நேரம் பேசுவதற்குச் சமம். நீங்கள் தனியாக வீட்டில் முயல வேண்டாம், மருத்துவர் முன்னால் செய்யுங்கள்.

படபடப்பு ஒன்றுதான், அதற்கு நாம் வைக்கிற பெயர்தான் வேறு. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் நள்ளிரவு மேளம் உச்சத்துக்குப் போகும்போது கிட்ட நின்றிருக்கிறீர்களா? நெஞ்சு திம்திம்மென்று அடிக்கும், உடம்பு புல்லரிக்கும், சிலருக்குக் கால் நடுங்கும். யாரும் ஈசிஜி எடுக்க ஓடுவதில்லை. அங்கே அதற்குப் பெயர் அருள், பஸ்ஸில் அதற்குப் பெயர் அட்டாக்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். அன்றைக்குச் சேரன்மகாதேவியில் இறங்கியதுதான் வினையாகிவிட்டது. பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கத் தொடங்கும். நீங்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி படியேறுவதற்குள் அது பாதி இறங்கியிருக்கும். ஆனால் உங்கள் மூளை என்ன கணக்கு எழுதிக்கொண்டது? ‘இறங்கினேன், பிழைத்தேன்.’ தண்ணீர் பாட்டில், பையில் மாத்திரை, கூட வரும் நண்பர் எல்லாமே அந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டவைதான். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும், ‘இது இல்லாவிட்டால் செத்திருப்பாய்’ என்று காதோடு சொல்லிவிட்டும் போகும். முதல் ஈசிஜி அவசியம், எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. நாலாவது ஈசிஜியை நான் நோயின் ஒரு பகுதி என்றுதான் சொல்வேன்.

இதயத்தை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு அழுத்தி, நின்றால் குறைவது, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, மயங்கியே விழுவது, இவை வேறு கதை. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் ‘பேனிக்காக இருக்கும்’ என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உங்களுக்கு அந்தச் சோதனைகள் முடிந்துவிட்டன. பாக்கி தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மட்டும். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும், அதனால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடையில் எத்தனை காபி, டீ குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஜவுளிக் கடை என்றால் குறைந்தது நாலு இருக்கும், ஒன்றிரண்டாகக் குறையுங்கள். ‘ஒரு கட்டிங் போட்டா சரியாயிரும்’ என்று சொல்கிற நண்பர் உங்களுக்கும் இருப்பார். ராத்திரி அடங்கும், போதை இறங்குகிற காலையில் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். ஒரே நாளில் ஜங்ஷன் வரை போக வேண்டியதில்லை. கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில் அம்பையில் ஏறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்குங்கள். கொஞ்ச நேரப் பயணம்தான். அதே தூரம், தினமும், பயம் சலிப்பாக மாறும் வரை. அப்புறம் வீரவநல்லூர். அப்புறம் சேரன்மகாதேவி. அங்கே இறங்காமல் உட்கார்ந்து பத்தமடை வரை போகிற நாள்தான் பெரிய நாள். வாசல் பக்கத்து சீட்டை விட்டு நடுவில் உட்காருங்கள். முதலில் நண்பர் கூட வரலாம், பிறகு அவர் பின்சீட்டில், பிறகு அவர் இல்லாமல். பாட்டிலைக் கடைசியாக வீட்டில் வையுங்கள்.

நடுவில் வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வந்தால் நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள், கூகுளைத் திறக்காதீர்கள். ‘இது அதுதான், பத்து நிமிஷம்’ என்று சொல்லிக்கொண்டு, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். விடுவதுதான் முக்கியம். பலரும் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சினிமாவில் வருகிற மாதிரி காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விட வேண்டாம், நெஞ்சிலோ நுரையீரலிலோ நிஜமான கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆபத்து. மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் இறங்கினால் வருவது, இந்த நேரத்தில் அது ஏறித்தான் இருக்கும். தூக்கத்தில் வந்தது தனி வியாதி அல்ல, பலருக்கும் அப்படி வருவதுண்டு. எழுந்து உட்கார்ந்து அதே வேலையைச் செய்யுங்கள்.

இந்தப் படிப்படியான பயிற்சியையும், ‘அப்பா மாதிரி’ என்ற நினைப்பை எடுத்துவைத்துப் பார்ப்பதையும் முறையாகச் செய்வதற்கு சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, என்று பெயர். வாரம் ஒரு தடவை என்று சில மாதம் போதும். பலருக்கு இது மட்டுமே போதுமானது.

மாத்திரைக்கு வருவோம். பையில் வைத்திருப்பதன் பெயரை எழுதவில்லை. அல்பிரசோலம், குளோனசெபம் வகையாக இருந்தால் அரை மணியில் அடக்கும், அதனாலேயே பழக்கமாகிவிடும். நண்பர் கொடுத்ததை, சீட்டு இல்லாமல், போடாதீர்கள். ஏற்கெனவே தினமும் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாங்கள் முக்கியமாக எழுதுவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. இவை பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு லேசாகக் கூடலாம், அதற்குப் பயந்து நிறுத்திவிட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். பலன் தெரிய மூன்று, நாலு வாரம் ஆகும். குணமானபின் பொதுவாக ஒரு வருஷம் தொடர்ந்து, மெதுவாகக் குறைத்து நிறுத்துவோம். ஆயுசுக்கும் என்பது பெரும்பாலோருக்கு இல்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். அம்பை அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நடுராத்திரி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, அரசின் டெலிமனாஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாரடைப்பில் கணவரைப் பறிகொடுத்தவர், நீங்கள் நெஞ்சில் கை வைத்தாலே அவருக்கு ஈரக்குலை நடுங்கும். எக்கோ ரிப்போர்ட்டை டாக்டர் வாயால் அவரும் ஒரு தடவை கேட்கட்டும். கயிறை அவிழ்க்க வேண்டாம், அது அம்மாவுக்காக இருக்கட்டும். என்றைக்காவது அறுந்து விழுந்தால், அன்றைக்கும் பஸ் ஏறுங்கள்.