கரீபிய பாஸ்போர்ட், துபாய் விசா, கிரீன் கார்டு: 7 கோடியை எதில் போடுவது?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் இயந்திர பாகங்கள் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன். நானும் மனைவியும்தான் பங்குதாரர்கள். சொந்த ஊர் தருமபுரி பக்கம், அங்கே விவசாய நிலம் இருக்கிறது. மகனுக்கு 17 வயது, இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. (பிளஸ் டூ) படிக்கிறான். மகளுக்கு 13, டாக்டராக வேண்டும் என்கிறாள். சமீபத்தில் ஒரு ஹோட்டலில் நடந்த கூட்டத்தில், கரீபிய நாட்டு பாஸ்போர்ட்டைச் சில மாதங்களில் வாங்கித் தருவதாகவும், இந்தியக் குடியுரிமையும் கூடவே இருக்கும் என்றும் ஏஜென்ட் சொன்னார். துபாய், கிரீஸ், அமெரிக்கத் திட்டங்களையும் காட்டினார். கம்பெனிக் கணக்கில் 7 கோடி ரூபாய் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு எது நல்லது?

பதில்: இந்தியக் குடியுரிமையும் கூடவே இருக்கும் என்று ஏஜென்ட் சொன்னது தவறு. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதற்குப் பிறகும் இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயணம் செய்தால் அது குற்றம். ‘யாருக்கும் தெரியாது’ என்ற ரீதியில் யார் பேசினாலும் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையை வாங்கிக்கொண்டு இங்கேயே இருக்கலாமே என்று தோன்றும். இருக்கலாம், ஆனால் ஓட்டு கிடையாது. தருமபுரி நிலத்தை வைத்துக்கொள்ள முடியும், பக்கத்தில் ஒரு ஏக்கர் விலைக்கு வந்தால் வாங்க முடியாது. இதைவிடப் பெரிய இழப்பு உங்கள் மகளுக்கு. 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி, அதன் பிறகு ஓ.சி.ஐ. பெறுகிறவர்கள் நீட் எழுதினாலும் என்.ஆர்.ஐ. இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். அரசுக் கல்லூரியின் பொது இடங்களில் படிக்கும் வாய்ப்பை அந்தக் குழந்தை இழந்துவிடுவாள். இத்தனையும் எதற்காக? குறைந்தது 2 லட்சம் டாலர், செயின்ட் கிட்ஸ் என்றால் 2.5 லட்சம் டாலர் கொடுத்து, விசா இல்லாமல் சில நாடுகளுக்குப் போவதற்காக. அந்தச் சலுகையும் நிலையானதல்ல. 2023 ஜூலையில் டொமினிகா, வனுவாட்டு குடிமக்களுக்கு விசா வேண்டும் என்று பிரிட்டன் ஒரே நாளில் மாற்றிவிட்டது. மால்டா பணத்துக்குக் குடியுரிமை தந்தது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உங்கள் குடும்பத்துக்கு கரீபிய பாஸ்போர்ட் வேண்டவே வேண்டாம்.

துபாயும் கிரீஸும் தருவது குடியிருப்பு உரிமைதான். அதனால் இந்தியக் குடியுரிமைக்குப் பாதிப்பில்லை. அவற்றை ஒப்பிடுவதற்கு முன், அந்த 7 கோடி எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

அது கம்பெனியின் பணம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் தனிநபர்களுக்கு மட்டும்தான், கம்பெனி அதில் ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது. பங்கு ஈவாக (டிவிடெண்ட்) வெளியே எடுத்தால், உங்கள் வருமான வரம்பில் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 35.88 சதவீதம் வரி. ஆக, கையில் நிற்பது சுமார் 4.5 கோடி. டாலர் 90 ரூபாய் என்று கணக்கு வைத்தால் 5 லட்சம் டாலர். கூட்டத்தில் பார்த்த பட்டியலில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அனுப்புவதிலும் வரம்பு உண்டு. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும்போது 10 லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். நீங்கள் முழு வரம்பையும் அனுப்பினால் 43 லட்சம், மனைவியும் அனுப்பினால் இன்னொரு 43 லட்சம். இதைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். இது தனி வரி அல்ல, உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். பங்கு ஈவு எடுக்கும் அதே நிதியாண்டில் அனுப்பினால், அந்த ஈவுக்கான அட்வான்ஸ் டாக்ஸிலேயே இதைச் சரிக்கட்டிவிட முடியும். தேதிகளை ஆடிட்டரோடு உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மனைவி அனுப்பும் பணத்தையும் சேர்த்து வீடு வாங்குவதானால் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். கூட்டு உரிமையாளராக இல்லாதவரின் வரம்பைச் சேர்த்துக்கொள்ள விதி இடம் தரவில்லை.

துபாயில் 10 ஆண்டு கோல்டன் விசாவுக்கு 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வேண்டும், அதாவது ஏறக்குறைய 5.45 லட்சம் டாலர். இப்போதைய பணத்தில் எட்டாது. எட்டினாலும், அங்கே வருமான வரி இல்லை என்பதை நம்பி வாங்காதீர்கள். நீங்கள் பெங்களூரில் வாழ்கிற வரை அந்த ஃபிளாட்டின் வாடகைக்கு இங்கே வரி உண்டு, ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலிலும் காட்டியாக வேண்டும். அங்குள்ள வங்கிக் கணக்கு விவரம் இந்திய வருமான வரித் துறைக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

கிரீஸில் குடியிருப்பு அனுமதிக்கு வீடு வாங்க வேண்டும்: ஏதென்ஸ் போன்ற இடங்களில் 8 லட்சம் யூரோ, மற்ற பகுதிகளில் 4 லட்சம் யூரோ. மொத்தப் பணத்தையும் வழித்துப் போட்டால் இரண்டாவது முடியும். ஆனால் அந்த வீட்டை நாள் வாடகைக்கு விட முடியாது, அந்த அனுமதியை வைத்துச் சம்பள வேலைக்கும் போக முடியாது. வருடத்தில் இரண்டு வாரம் ஐரோப்பா போய்வர ஷெங்கன் விசாவே போதும்.

மகனின் எதிர்காலம்தான் உங்கள் மனதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்படியானால் முதலீடு செய்து கிரீன் கார்டு பெறும் அமெரிக்க இ.பி.-5 திட்டம் பற்றிப் பேசலாம். கிராமப்புற அல்லது வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த பகுதித் திட்டத்தில் 8 லட்சம் டாலர் முதலீடு செய்து, 10 பேருக்கு வேலை உருவாக்க வேண்டும். இன்றைக்குக் கையில் நிற்கும் 5 லட்சம் டாலர் இதற்குப் போதாது, பிற்பாடு யோசிக்கத்தான் இது. நீங்களே மனுதாரராக வேண்டாம் என்பது என் கருத்து. கிரீன் கார்டு வாங்கினால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்கு காட்ட வேண்டும். பீன்யா கம்பெனியின் லாபம் ஈவாகக் கைக்கு வராவிட்டாலும் அந்தக் கணக்கில் நுழையக்கூடும். இங்குள்ள மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அவர்களுடைய வரி விதி மிகக் கடுமையானது. கம்பெனியை விட்டு நீங்கள் அங்கே போய் வாழப் போவதும் இல்லை. நீண்டகாலம் வெளியே இருந்தால் கார்டே பறிபோகும்.

மகன் அமெரிக்காவில் படிக்கப் போனால் வேறு வழி திறக்கிறது. படிக்கப் போகிறவர் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்.ஆர்.ஐ. ஆகிவிடுகிறார். அவருக்கு நீங்களும் மனைவியும் தலா 2.5 லட்சம் டாலர் வரை ஒவ்வொரு நிதியாண்டும் பரிசாக அனுப்பலாம். இங்கேயே இருக்கும் கணவன் மனைவி ஒருவர் வெளிநாட்டுக் கணக்கில் மற்றவர் இப்படிப் பணம் போட முடியாது. மார்ச்சில் ஒரு தவணை, ஏப்ரலில் ஒரு தவணை என்றால் இரண்டு நிதியாண்டு வரம்பும் கிடைத்துவிடும். 18 வயது முடிந்தபின் மகனே மனுதாரராகலாம். மகனின் வயதைக் காரணம் காட்டி அவசரப்படுத்தும் ஏஜென்ட் பேச்சுக்கும் வேலையில்லை, 21 வயது வரம்பு பெற்றோரின் மனுவில் சேரும் பிள்ளைக்குத்தான். ஆனால் முதலீட்டுத் தொகை 2027 ஜனவரியில் விலைவாசிக்கேற்பத் திருத்தப்படும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டுக்கு என் யோசனை இதுதான்: கம்பெனியிலிருந்து மொத்தத்தையும் எடுக்காதீர்கள். மகனின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்புக்கு மட்டும் ஈவு எடுங்கள், மீதிக்கு வங்கிக் கல்விக் கடன். கடன் பணத்தை அனுப்பும்போது டி.சி.எஸ். கிடையாது. அங்கே இரண்டு ஆண்டு இருந்த பிறகு, தங்க வேண்டுமா என்று அவனே சொல்லட்டும். மகள் நீட் எழுதும் வரை குடும்பத்தில் யாரும் குடியுரிமையைத் தொட வேண்டாம். அந்த ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுத்திருந்தால், ‘இந்தியக் குடியுரிமையும் இருக்கும்’ என்று சொன்னதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.