கத்தி இல்லை, தையல் இல்லை: ஆண்களுக்கான நவீன வாசக்டமி பற்றி சிஸ்டரிடம் கேளுங்கள்

நீலகிரியில் அறுவை அரங்கச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை அறுவை பற்றி வந்த கேள்விகளில் பெரும்பகுதி மனைவிமார் கேட்டவை. கணவர்களும் கூட உட்கார்ந்து படியுங்கள்.

சிஸ்டர், கத்தி இல்லை என்கிறார்கள். அப்படியானால் என்னதான் செய்கிறார்கள்? (காரட் விவசாயி, கேத்தி)

தம்பி, முதலில் விரைப்பையின் தோலில் மரப்பு ஊசி. அப்போது சுருக்கென்று வலிக்கும். அதன்பிறகு இழுப்பது போன்ற உணர்வுதான். வளைய முனை உள்ள இடுக்கியால் விந்துக் குழாயைத் தோலோடு சேர்த்துப் பிடித்து, கூர்முனை இடுக்கியால் சின்னத் துளை போடுவார்கள். அந்தத் துளை வழியாகவே இரண்டு பக்கக் குழாய்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சிறு துண்டை நீக்கி, முனைகளைக் கட்டி உள்ளே விடுவார்கள். துளை தானாக மூடிக்கொள்ளும். எல்லாம் சேர்த்து 15 அல்லது 20 நிமிடம். 1974இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் வகுத்த முறை இது.

டிசம்பர் குளிரில் செய்துகொள்ளலாமா? (உதகை)

நல்ல கேள்வி. குளிரில் விரைப்பை சுருங்கிக்கொள்ளும், குழாயைத் தேடிப் பிடிப்பது மருத்துவருக்குச் சிரமம். அரசின் வாசக்டமி இருவார முகாம் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை, நம் ஊரில் குளிர் இறங்கும் நேரம். அதனால் அறையைச் சூடாக வைப்பார்கள். அறை சில்லென்று இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், தப்பில்லை.

என் கணவர் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை பார்க்கிறார். "ஆம்பளைக்குப் பாரமான வேலை, நீயே செய்துகொள்" என்கிறார் மாமியார். நான் கொழுந்து பறிக்கிறேன். (குந்தா)

அம்மா, இந்தப் பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கும். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறுவது பாரமில்லையா? பெண்ணுக்குச் செய்வதென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். குடலும் ரத்தக்குழாய்களும் அருகிலேயே இருக்கின்றன. ஆணுக்கு வயிற்றைத் தொடுவதே இல்லை, ஆபத்தும் குறைவு. ஆனால் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் மணமான தம்பதிகளில் பெண் கருத்தடை அறுவையை நம்பியிருப்போர் 37.9 சதவீதம், ஆண்களுக்கானதை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். பிள்ளை பெற்றவளே இதையும் சுமக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கணவர் இரண்டு நாள் முழு ஓய்வு எடுக்க வேண்டும். கவ்வாத்துக் கத்தி, மூட்டை, சைக்கிள் எல்லாம் ஒரு வாரத்துக்கு வேண்டாம். விரைப்பையைத் தாங்கும்படி இறுக்கமான உள்ளாடை போட வேண்டும். 24 மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. வீடு திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் ஓட்ட வேண்டாம், துணைக்கு ஒருவரோடு வரட்டும். மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆண்மை குறையுமா?

குறையாது. ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் தொடர்பில்லை. விந்து நீரும் வழக்கம்போலவே வரும், அதில் விந்தணு மட்டும் இருக்காது.

ஆபரேஷன் முடிந்த பிறகும் பக்கத்து லைன் வீட்டுப் பெண் கர்ப்பமானாள். கணவர் அவளைச் சந்தேகப்பட்டு அடித்துவிட்டார். (கூடலூர்)

படித்ததும் வயிறு எரிந்தது. இதைத் தெளிவாகச் சொல்கிறேன். கட்டிய இடத்துக்கு மேலே, குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் தீர மாதங்கள் ஆகும். ஆகவே மூன்று மாதம் ஆணுறை கட்டாயம், அல்லது மனைவி வேறு கருத்தடை முறையைத் தொடர வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை. அணு இல்லை என்று எழுதித் தந்த பிறகுதான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு. வலி போனதும் வேலை முடிந்தது என்று பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். பரிசோதனையில் அணு இருந்தால் ஆணுறையைத் தொடர்ந்துவிட்டு மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் அபூர்வமாக, ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒருவருக்கு, குழாய் தானே இணைந்துவிடுவதுண்டு. கர்ப்பம் என்றால் கணவர் முதலில் பரிசோதனைக்குப் போகட்டும். அந்தப் பெண் அடி வாங்கும்படி விடாதீர்கள். 181 பெண்கள் உதவி எண்ணை அவளிடம் சொல்லுங்கள்.

எமர்ஜென்சி காலத்தில் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்களாம். வீட்டில் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1975–77இல் நாட்டில் கட்டாயப்படுத்தி நடந்தது கொடுமை. இன்று உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. மேசையில் படுத்த பிறகும் "வேண்டாம்" என்று எழுந்துவிடலாம். யாராவது அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள்.

யார் செய்துகொள்ளலாம்? மனைவி கையெழுத்து வேண்டுமா?

அரசு விதிப்படி, திருமணமானவர், 60 வயதுக்குக் கீழ், ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, பேசி முடிவெடுப்பதே நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், சர்க்கரை இருந்தால், விரைவீக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு குழந்தை வேண்டுமென்றால்?

குழாயை மறுபடி இணைக்கும் நுண் அறுவை உண்டு. ஆண்டுகள் கூடக்கூட வெற்றி வாய்ப்பு குறையும். அதை நம்பிச் செய்துகொள்ளாதீர்கள். மனதில் ஊசலாட்டம் இருந்தால் இப்போதைக்கு ஆணுறையோ காப்பர்-டியோ போதும்.

வலி எவ்வளவு நாள் இருக்கும்? (கோத்தகிரி)

சில நாள் லேசான வலி, நீலம் பாய்தல், சிறு வீக்கம் இருக்கும். ஐஸ் ஒத்தடமும் பாராசிட்டமாலும் போதும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு, அவர்கள் மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கிளம்புங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கடைசி பஸ்ஸும் போய்விடும், இருட்டில் காட்டெருமை நிற்கும் பாதையில் நடக்க வேண்டியிருக்கும். பஸ் இல்லாவிட்டால் 108ஐ அழையுங்கள்.