குழிக்குள் இறங்கும் முன் ஓடு கழுவப் பழகுங்கள்

கேள்வி: வங்கியில் 28 ஆண்டுகள் வேலை செய்து அண்மையில் ஓய்வு பெற்றேன். வயது 55. ஏதாவது ஒரு தொல்லியல் அகழ்வில் சம்பளமின்றி உதவ வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. "முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு குழிக்குள் இறங்கப் போகிறீரோ?" என்று கணவர் சிரிக்கிறார். தொல்லியல் படிக்காத என்னைச் சேர்ப்பார்களா? முன்பு திருக்கேதீஸ்வரம் போனபோது வழியில் பொறுக்கிய இரண்டு பானை ஓடுகளும் என்னிடம் உள்ளன. அவற்றை என்ன செய்வது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் சிரிப்பில் பாதி நியாயம் உண்டு. வெயிலில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து, மேசன் கரண்டியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டும் வேலைக்கு முழங்கால் ஒத்துழைத்தே ஆக வேண்டும். ஆனால் குழிக்குள் நடப்பது அகழ்வின் ஒரு பகுதி மட்டுமே. அங்கிருந்து வெளிவரும் மண்ணை அரிப்பதற்கும், அகப்பட்டதைக் கழுவி உலர்த்தி இலக்கமிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் நிழலில் பொறுமையோடு உட்காரக்கூடியவர்கள் தேவை. அத்தகையவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஒருமுறை வெட்டியெடுத்த மண்ணடுக்கைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், பின்னர் வரும் ஆய்வாளருக்கு எஞ்சுவது அன்றன்று எழுதிய பதிவுதான். ஒரு நாள் கணக்கை அன்றே சரிபார்க்காமல் வீட்டுக்குப் போகாத உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இளமையில் நானும் ஓர் அகழ்வில் இரண்டு வாரம் ஓடு கழுவியிருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பற்தூரிகை, அவ்வளவே கருவி. உடைந்த விளிம்பில் மண் இல்லாதபடி தேய்க்க வேண்டும், அப்போதுதான் எந்தத் துண்டு எதனோடு பொருந்தும் என்பது தெரியும். வர்ணமோ கீறலோ உள்ள முகத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஒரு பையிலிருந்து வந்தவை ஒரே தட்டில், அதற்குரிய சிட்டையோடு உலர வேண்டும். ஒரு பிற்பகல், பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு தட்டுகளின் சிட்டைகள் காற்றில் பறந்துபோயின. பாரம் வைக்க மறந்தது நான்தான். எது எந்த அடுக்கினது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொறுப்பாக இருந்தவர் ஏசவில்லை; இரண்டையும் 'அடுக்குத் தெரியாதவை' என்று எழுதி ஓரமாக வைத்தார். ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுக்குத் தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள ஆனைக்கோட்டை நல்ல சான்று. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அங்கு கண்டெடுத்த சிறிய முத்திரையில் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பண்டைய பிராமி எழுத்துகளும் உள்ளன. அது பெருங்கற்கால ஈமப் புதைகுழி ஒன்றில் கிடைத்தது என்பது பதிவாகியிருப்பதனாலேயே இன்றும் அதைப் பற்றிப் பேச முடிகிறது. அதே முத்திரை பழம்பொருள் கடையொன்றில் கிடைத்திருந்தால் அழகிய பழம்பொருள் என்பதற்கு மேல் யாரும் உறுதியாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி, சேரும் வழி. இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி எவரும் தொல்பொருள் தேடி அகழ முடியாது. சொந்த வளவானாலும் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே தொல்பொருள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பணிகளோடுதான் நீங்கள் இணைய வேண்டும். பௌத்தாலோக மாவத்தையிலுள்ள தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் வெள்ளவத்தையிலிருந்து தூரமில்லை. அங்கிருந்தே விசாரிக்கத் தொடங்கலாம். 'சிறுவயது முதல் ஆர்வம்' என்று கடிதம் எழுதாதீர்கள், அதை எல்லோரும் எழுதுவார்கள். பதிவேடு பேணுவேன், கணினியில் அட்டவணை தயாரிப்பேன், எத்தனை வாரம் தங்குவேன் என்று எழுதுங்கள். சிங்களம் பேச வருமானால் அதையும் குறிப்பிடுங்கள். தென்பகுதிக் குழுக்களில் அது மிகவும் உதவும். வட பகுதியிலும் உலர் வலயத்திலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் குழி நீரில் மூழ்கிவிடும் என்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதுவது நல்லது. சம்பளம் வேண்டாம் என்றாலும் தங்குமிடம், சாப்பாடு, விபத்துக் காப்புறுதி பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அந்த இரண்டு ஓடுகளைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். திருக்கேதீஸ்வரத்தை அண்டியது பண்டைய மாந்தைத் துறைமுகம். 1980 களின் தொடக்கத்தில் ஆய்வாளர் ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு நடந்த அகழ்வில் சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. போர்ச் சூழலால் அப்பணி இடையில் நின்றது. உங்களிடம் இருப்பவை அத்தகையவையோ, யாரோ ஒருவர் வீட்டுச் சோற்றுப்பானையோ, நான் அறியேன். எதுவாயினும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள தொல்பொருள் திணைக்களத்தில் ஒப்படையுங்கள். எந்த ஆண்டு, கோயிலுக்கு எந்தப் பக்கம், வயல் வரம்பிலா, வீதியோரத்திலா என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி இணையுங்கள். நினைவில்லாததை ஊகித்து எழுத வேண்டாம். ஓடுகளைக் கழுவாமல், ஒட்டாமல், இப்போதிருக்கும் நிலையிலேயே கொண்டு போங்கள்.