கண் இமை ஆபரேஷன் தழும்பு எப்போது மறையும்?

மேல் இமையில் தொங்கிய தோலை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது, தையல் போட்ட கோடு தடித்துப்போய் வெளி ஓரத்தில் கறுப்பாகத் தெரிகிறது, இது இப்படியே நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நிற்காது. நாலாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை இந்தத் தழும்பு பார்க்க மோசமாகத்தான் இருக்கும். எனக்கும் இதே ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் இப்போது நிற்கிற இதே இடத்தில்தான் நான் பொறுமை இழந்து ஒரு தப்பு செய்தேன். அதை நீங்களும் செய்துவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வருகிறவர்கள் நிறைய. 48 வயதில் என் மேல் இமைத் தோல் மடிந்து இமைமுடி மேலேயே உட்கார்ந்துவிட்டது. அளவு எடுக்கும்போதே "ராத்திரி தூங்கலையாக்கா?", "அழுதீங்களா?" என்று கேட்பார்கள். பார்வையை அது மறைக்கவில்லை. அழகுக்காகத்தான் செய்துகொண்டேன், சேர்த்து வைத்த பணத்தில். நம் முகத்தைப் பார்த்து நமக்கே சந்தோஷம் வரவேண்டும் என்று நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

ஆபரேஷன் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள், அன்றைக்கே வீடு. தையல் ஆறாவது நாள் பிரித்தார்கள். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பிரிப்பதுதான் வழக்கம், அதிகம் விட்டால் நூல் போன இடத்தில் புள்ளிகள் நின்றுவிடும். கண்ணாடியில் கிட்டப் பார்த்தேன். தலைமுடி அளவுக்கே மெல்லிய கறுப்பு நைலான் நூல், இமை மடிகிற கோட்டிலேயே படுத்திருந்தது. முப்பது வருடமாக ஊசி பிடிக்கிறவள் சொல்கிறேன், அவ்வளவு நெருக்கமான தையலை நான் துணியில்கூடப் பார்த்ததில்லை.

என்னைப் பயமுறுத்தியது தையல் இல்லை, தூக்கம். முதல் வாரம் ஒரு ராத்திரி என் வீட்டுக்காரர் எழுப்பி, "நீ கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறே" என்றார். இரண்டு இமைக்கும் நடுவில் வெள்ளை விழி கோடு போலத் தெரிந்ததாம். வீக்கத்தாலும் தோல் குறைந்ததாலும் கொஞ்ச நாளைக்கு இமை முழுதாக மூடாது. அப்போது ஃபேன் காற்று நேராகப் பட்டால் விழி காய்ந்து, காலையில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். பகலில் கண்ணீர் போன்ற சொட்டு மருந்து, படுக்கும்போது டாக்டர் தந்த ஆயின்மென்ட். மூன்றாவது வாரத்தில் இமை தானாக மூட ஆரம்பித்தது. உங்களுக்கு ஐந்து வாரத்துக்குப் பிறகும் மூடவில்லை என்றால் அதை விட்டுவைக்காதீர்கள். தழும்பைவிட அது முக்கியம்.

இரத்தக்கட்டு பற்றியும் சொல்லவேண்டும், இனிமேல் செய்துகொள்ளப் போகிறவர்களும் படிப்பார்கள் இல்லையா. மூன்றாம் நாள் அது இமையிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. ஊதா, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். இரத்தத்தின் சிவப்புப் பொருள் உடைந்து உடைந்து நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பெண் அடிபம்பில் குடம் வைத்தபடியே, "இன்னாக்கா, கண்ணு இப்டி கீது? யார் அடிச்சா?" என்று கேட்டாள். அவள் கேட்டது அக்கறையில்தான். ஆனால் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தால் அவருக்கு அந்தச் சங்கடம் வந்திருக்காது.

சரி, தழும்புக்கு வருகிறேன். காயம் ஆறும்போது உடம்பு முதலில் கொலாஜன் என்ற புரத நாரை அவசரமாகக் கொண்டுவந்து குவித்து இடைவெளியை மூடுகிறது. அந்த நார் அப்போது ஒழுங்கில்லாமல், தேவைக்கு அதிகமாகவே இருக்கும். அதற்குச் சாப்பாடு கொண்டுவர புது இரத்தக்குழாய்களும் வரும். அதனால்தான் உங்களுக்குத் தடிப்பு, சிவப்பு எல்லாம். அப்புறம் மாதக்கணக்கில் உடம்பே அதை வெட்டி, அடுக்கி, மெல்லியதாக்கும். இந்த வேலை முடிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். நெட்டில் வருகிற படங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் இமைதான். அவர்களுக்கு ரோஸ் நிறமாக இருக்கிற கட்டம் நமக்குப் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். மாநிறமும் கறுப்பும் உள்ள தோல், காயம் பட்டால் நிறப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கறுப்பும் மங்கும், ஆனால் தடிப்பைவிட மெதுவாக.

வெளி ஓரம் மட்டும் ஏன் அதிகம் தெரிகிறது என்றால், இமைத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய தோல், உடம்பிலேயே மெல்லியது. அதில் வெட்டிய கோடு மடிப்புக்குள் மறைந்துவிடும். கண்ணோரம் தாண்டி எலும்புப் பக்கம் போனதும் தோல் தடிமன், மறைக்க மடிப்பும் இல்லை. எனக்கும் கடைசியாக ஆறியது அந்த ஓரம்தான்.

இப்போது என் தப்பு. ஆறாவது வாரம் என் தங்கை பெண் கல்யாணம் வந்தது. அந்தக் கறுப்புக் கோட்டோடு போட்டோவில் நிற்கப் பிடிக்காமல், டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு மருந்துக்கடையில் கேட்டு, தோலை வெளுப்பாக்கும் ஒரு கிரீமை வாங்கி மூன்று வாரம் இமையில் தடவினேன். முதல் வாரம் அற்புதமாக இருந்தது. பிறகு எரிச்சல், தோல் உரிதல். உரிந்த இடம் முன்பைவிடக் கறுத்தது. டாக்டரிடம் டியூபைக் காட்டியபோது அவர் முகமே மாறிவிட்டது. அதில் ஸ்டீராய்டும், தோலை வெளுக்கவைக்கிற ஹைட்ரோகுயினோன் என்ற மருந்தும் கலந்திருந்தன. ஸ்டீராய்டு இமைத் தோலை இன்னும் மெல்லியதாக்கும். அதைவிட ஆபத்து, கண்ணுக்குள் போனால் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், அது பார்வை நரம்பையே கெடுக்கிற க்ளாக்கோமா என்ற நோய் வரை கொண்டுபோகலாம். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்தேன். 10 முதல் 21 வரை இருக்கவேண்டியது எனக்கு 24. கிரீமை நிறுத்திய பிறகு இறங்கிவிட்டது, ஆனால் அந்த ஒரு மாதம் நான் பட்ட கவலை கொஞ்சமில்லை. தைக்கிறவளுக்குக் கண்தானே எல்லாம். தயவுசெய்து சீட்டு இல்லாத கிரீமை இமை கிட்டே கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை, மஞ்சள் விழுது, பற்பசை என்று யார் எது சொன்னாலும் வேண்டாம்.

எனக்கு உதவியது மிகச் சாதாரண விஷயங்கள். டாக்டர் எழுதித் தந்த சிலிகான் ஜெல், காலையும் இரவும் எறும்புத்தலை அளவு, மூன்று மாதம். வெயில் படாமல் பார்த்துக்கொண்டது. கறுப்பை நிரந்தரமாக்குவதில் நம் ஊர் வெயிலுக்கு மிஞ்சியது இல்லை. ஏப்ரல், மே முழுக்க பெரிய கூலிங் கிளாஸ், முந்தானை, தோலில் உறுத்தாத ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீன். காலடிப்பேட்டை போகவேண்டுமானால் லாரிப் புழுதியில் ஆட்டோவில் போகாமல் மெட்ரோ பிடித்தேன். தையல் கோட்டில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளை முத்துகள் வந்தால் சீழ் என்று நினைத்து நகத்தால் கிள்ளாதீர்கள். மிலியா என்பார்கள், பல சமயம் தானே போகும், போகாவிட்டால் டாக்டர் ஊசி முனையால் ஒரு நொடியில் எடுத்துவிடுவார். கண்மை, கான்டாக்ட் லென்ஸ் எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான்.

எனக்குள் இன்னொரு பயமும் இருந்தது. காது மேலே குத்தின இடத்தில் எனக்குக் கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்கிற தடித்த தழும்பு, வந்து கட்டிபோல நிற்கிறது. இமையிலும் அப்படி வருமோ என்று ராத்திரியெல்லாம் தடவிப் பார்ப்பேன். உடம்பில் வேறு இடத்தில் கெலாய்டு வருகிறவர்களுக்குக்கூட இமைத் தோலில் அது மிக மிக அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு வரவில்லை. உங்களுக்கும் அப்படி முன்பு வந்திருந்தால் சொல்லிவைப்பது நல்லது.

என் மாமியார் மீன், கருவாடு, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தினார், சீழ் வைக்குமாம். காயம் ஆறப் புரதம் வேண்டும், தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். அதற்கப்புறம் அத்தையே காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கிவரச் சொன்னார். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைப்பதுதான் உண்மையான பத்தியம். புகைபிடிப்பதும் ஆறுதலைத் தாமதமாக்கும்.

உங்கள் தடிப்பு நாளுக்கு நாள் வளர்ந்தாலோ, கயிறு போல இழுத்து இமையை மூடவிடாமல் செய்தாலோ, சீழ் வந்தாலோ, காத்திருக்காமல் ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள். தேவைப்பட்டால் தழும்புக்குள்ளேயே சின்ன ஊசி போடுவார்கள். அதை அளவு தெரிந்தவர்தான் போடவேண்டும். திரும்ப வெட்டிச் சரிசெய்வதைப் பற்றி ஆறு மாதத்துக்கு முன் பேசவே வேண்டாம், தழும்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கும். புதிதாகச் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் ஓரிரு நாளில் திடீரென்று தாங்கமுடியாத வலி, கண் பிதுங்குதல், பார்வை மங்குதல் வந்தால், நடுராத்திரியானாலும் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கினால் அப்படி ஆகும். அபூர்வம்தான், ஆனால் நேரம் போனால் பார்வை திரும்பாது.

தினமும் பத்து முறை கண்ணாடி பார்ப்பதை மட்டும் விடுங்கள், தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. இன்று ஒரு போட்டோ எடுங்கள், காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் போடாமல், ஒன்று கண் திறந்து, ஒன்று மூடி. அடுத்தது ஒரு மாதம் கழித்து அதே ஜன்னலில். எனக்கு ஐந்தாவது படத்தில்தான், கண் திறந்திருக்கும்போது கோடு எங்கே என்று தேடவேண்டி வந்தது.